எலும்புல ஸ்க்ரூ எப்படி நிக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுல இருந்தே தொடங்குது.

அம்மாவுக்கு 66 வயசு. கீழ்முதுகுல ஒரு முள்ளெலும்பு அதுக்குக் கீழ இருக்கற எலும்பு மேலயிருந்து முன்பக்கமா சறுக்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்திட்டு இருந்துச்சு. அம்பத்தூர் ஓ.டி.-யில பஸ் இறங்கி வீட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு இடத்துல உட்காரணும். ஒரு கட்டத்துல கடைக்குப் போறதையே விட்டுட்டாங்க. ஆபரேஷன்தான் வழின்னு ஆச்சு.

டாக்டர் மேஜை மேல ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு மாடல் இருந்துச்சு. அதுல நாலு ஸ்க்ரூ, ரெண்டு கம்பி. "சறுக்கின எலும்பையும் கீழ இருக்கற எலும்பையும் இப்படிச் சேர்த்துப் பிடிச்சு வெச்சிடுவோம்"னு காட்டினார். எங்க அப்பா எஸ்டேட்ல 30 வருஷம் லேத் ஓட்டினவர். தனியா ஒரு ஸ்க்ரூவைக் கையில வாங்கி, வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "மரை நல்லா இருக்கு டாக்டர். ஆனா இது எதுல போய்ப் பிடிக்கும்?"

டாக்டர் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "சார், அதுதான் கேள்வியே"ன்னார். எலும்பு அடர்த்தி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் மோசம். "ஆபரேஷனைச் சில மாசம் தள்ளி வெப்போம். முதல்ல எலும்பைச் சரி பண்ணுவோம்"னுட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாங்க. வலி தாங்க முடியாம ஆபரேஷனுக்கு மனசைத் தேத்திக்கிட்டுப் போனவங்க அவங்க. அதுவும் இல்லாம, ஆவடியில இருக்கற பெரியம்மாவுக்குச் சில வருஷம் முன்னாடி இதே மாதிரி ஆபரேஷன் ஆகி, ஸ்க்ரூ தளர்ந்து, மறுபடியும் ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு. "அக்காவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடுமோ"ங்கறதுதான் அம்மாவோட பயம்.

எனக்குக் கோபம். வலிக்குதுன்னு போனா எதுக்குத் தள்ளிப் போடறாங்கன்னு. அந்தக் கோபத்துல படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

காம்புக்குள்ள போற திருகாணி

முதல்ல இந்த ஸ்க்ரூ எங்க போகுதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்னாடி ஒரு தடியான உருளை இருக்கு. பின்னாடி ஒரு வளையம் இருக்கு. அந்த வளையத்துக்கு நடுவுலதான் தண்டுவடமும் நரம்புகளும் போகுது. உருளையையும் வளையத்தையும் இணைக்கற மாதிரி இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணுன்னு ரெண்டு குட்டிப் பாலம் இருக்கும். பூசணிக்காய்க் காம்பு மாதிரி நினைச்சுக்கங்க. அதுக்குப் பேர் பெடிக்கிள். முதுகுப் பக்கமா நுழைஞ்சு, அந்தக் காம்பு வழியா உருளைக்குள்ள போறதுனாலதான் இதை பெடிக்கிள் ஸ்க்ரூன்னு சொல்றாங்க.

இந்த வழியைப் பெரிய அளவுல பழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் பாரிஸ்ல இருந்த ரேமண்ட் ராய்-காமி. 1963-லயே பண்ண ஆரம்பிச்சு, 1970-ல கட்டுரையா வெளியிட்டார். அதுக்கு முன்னாடி கொக்கியும் கம்பியும் வெச்சுத்தான் முதுகெலும்பைப் பிடிச்சு நிறுத்தினாங்க. இன்னைக்குக் கீழ்முதுகுக்குப் போடற ஸ்க்ரூ பெரும்பாலும் டைட்டானியம் கலவை. சாதாரணமா 6.5 மில்லிமீட்டர் தடிமன், 45 மில்லிமீட்டர் நீளம். உங்க சுண்டு விரலை விடச் சின்னது.

அந்தக் காம்பு ஏன் முக்கியம்? காம்போட சுவர் கெட்டியான எலும்பு. உருளைக்குள்ள இருக்கறது ஸ்பாஞ்ச் மாதிரி எலும்பு. ஸ்க்ரூவைப் பிடுங்கி எடுக்க எவ்வளவு பலம் வேணும்னு 1997-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தாங்க. பிடிமானத்துல சுமார் 60 சதவீதம் அந்தக் காம்புல இருந்துதான் வருதுன்னு தெரிஞ்சுது. மேலும் கீழும் ஆடாம நிக்கற விறைப்புல 80 சதவீதம் அங்கிருந்துதான். அதாவது ஸ்க்ரூவோட முனை எவ்வளவு ஆழம் போச்சுங்கறதை விட, காம்புக்குள்ள எவ்வளவு நிறைவா உட்கார்ந்திருக்குங்கறதுதான் பெரிய விஷயம்.

பாதி எலும்பு, கால் பங்கு பிடி

இப்ப அப்பாவோட கேள்விக்கு வருவோம்: மரை எதுல பிடிக்கும்?

அம்பத்தூர், பாடி பக்கம் வளர்ந்தவங்களுக்கு நட்டும் போல்ட்டும் புதுசு இல்ல. 1960-கள்ல அம்பத்தூர் எஸ்டேட் வந்துச்சு. பாடியில சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் அதே 60-கள்ல வேலையை ஆரம்பிச்சுது. காலை ஷிஃப்டுக்குப் போற சைக்கிள் கூட்டத்துல பாதிப் பேருக்கு மரைன்னா என்னன்னு தெரியும். அவங்களைக் கேட்டா சொல்வாங்க: இரும்புல போற ஸ்க்ரூவுக்கு மரை நெருக்கமா, ஆழம் கம்மியா இருக்கும். மரத்துல போற ஸ்க்ரூவுக்கு மரை அகலமா, ஆழமா இருக்கும். ஏன்னா மரம் மெத்து. ஒவ்வொரு மரைக்கு நடுவுலயும் நிறைய மரம் இருந்தாத்தான் பிடி நிக்கும்.

எலும்புக்கும் அதே கணக்குதான். ஸ்க்ரூ பிடுங்கிட்டு வரும்போது உடையறது உலோகம் கிடையாது. மரைகளுக்கு நடுவுல மாட்டியிருக்கற எலும்பு அறுந்துதான் வெளிய வருது. இதுக்கு ஒரு ஃபார்முலாவே இருக்கு. அதுல நாலு விஷயம் வரும்: எலும்போட பலம், ஸ்க்ரூ எவ்வளவு நீளத்துக்கு எலும்புக்குள்ள இருக்கு, வெளி விட்டம் எவ்வளவு, மரை எவ்வளவு ஆழமா எவ்வளவு இடைவெளியில இருக்கு. கடைசி மூணும் ஸ்க்ரூ தயாரிக்கறவங்க கையிலயும் டாக்டர் கையிலயும் இருக்கு. முதல் விஷயம் மட்டும் நோயாளியோட உடம்புல இருக்கு.

அந்த முதல் விஷயம்தான் ஆளை அடிக்குது. எலும்போட அடர்த்திக்கும் பலத்துக்கும் என்ன உறவுன்னு 1977-ல கார்ட்டர், ஹேஸ்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பார்த்தாங்க. ஸ்பாஞ்ச் எலும்போட பலம் அடர்த்தியோட வர்க்கத்தைப் பொறுத்து மாறுது. வர்க்கம்னா ஸ்கூல்ல படிச்ச ஸ்கொயர்தான். அடர்த்தி பாதியாச்சுன்னா பலம் பாதியாகாது, கால் பங்காயிடும்.

இதை என்னால ரொம்ப நேரம் ஜீரணிக்க முடியல. ஸ்க்ரூவை 6.5-ல இருந்து 7.5 மில்லிமீட்டரா மாத்தினா விட்டம் சுமார் 15 சதவீதம்தான் கூடுது. அம்மாவோட எலும்பு இழந்தது அதை விடப் பல மடங்கு. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்க்ரூ போட்டாலும் அந்தப் பள்ளத்தை மரையால மட்டும் நிரப்ப முடியாது.

பழைய சுண்ணாம்புச் சுவர்ல டிவி மாட்டிப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். டிரில் போட்டா மாவு மாதிரி கொட்டும். ஸ்க்ரூ ஃப்ரீயா சுத்தும். நல்ல ஸ்க்ரூ வாங்கிட்டு வாங்கன்னு எலக்ட்ரீஷியன் சொல்ல மாட்டார். "சுவர் சரியில்ல சார்"னுதான் சொல்வார்.

பிடுங்கறது கம்மி, ஆட்டறதுதான் அதிகம்

இன்னொரு விஷயம் எனக்குப் புதுசா இருந்துச்சு. ஸ்க்ரூவைச் சோதிக்கும்போது லேப்ல அதை நேரா இழுத்துப் பார்ப்பாங்க. மனுஷ எலும்பு ஆளுக்கு ஆள் மாறும்ங்கறதால, குறிப்பிட்ட அடர்த்தியில செஞ்ச பாலியூரித்தேன் நுரைக் கட்டையைத்தான் பயன்படுத்துவாங்க. ஆனா உடம்புக்குள்ள யாரும் ஸ்க்ரூவை நேரா இழுக்கறது இல்ல. நடக்கும்போது, குனியும்போது, படுத்து எழும்போது ஸ்க்ரூவோட தலை மேலும் கீழும் லேசா அசையும். கார் வைப்பர் மாதிரி. ஒரு நாளைக்கு 3,000 அடி நடந்தா ஆறு மாசத்துல 5,40,000 அசைவு. சுவர்ல அடிச்ச ஆணியைப் பிடுங்கறதுக்கு முன்னாடி நாம என்ன பண்ணுவோம்? மேலும் கீழும் ஆட்டுவோம். அதே வேலைதான் உள்ள நடக்குது. எக்ஸ்ரேயில ஸ்க்ரூவைச் சுத்தி ஒரு கறுப்புக் கோடு தெரிஞ்சா, அந்த ஸ்க்ரூ தளர்ந்துடுச்சோன்னு டாக்டர் சந்தேகப்படுவார்.

அப்படின்னா வாழ்நாள் முழுக்க இந்த ஸ்க்ரூ தாங்கணுமா? தாங்க வேண்டியதில்ல. ஆபரேஷன்லயே ரெண்டு முள்ளெலும்புக்கும் நடுவுல எலும்புத் துணுக்குகளை வைப்பாங்க. அது மெல்ல வளர்ந்து ரெண்டையும் ஒரே எலும்பா ஒட்ட வெச்சிடும். அதுக்குப் பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். கான்கிரீட் இறுகற வரைக்கும் முட்டுக் கொடுத்து வைக்கறோம் இல்லையா, ஸ்க்ரூவும் கம்பியும் அந்த முட்டுதான். எலும்பு ஒட்டறதுக்கு முன்னாடி முட்டு தளர்ந்துட்டா கஷ்டம். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

பிடியை எப்படிக் கூட்டறாங்க?

இப்ப டாக்டர்கள் கையில இருக்கற வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழிக்குச் செலவே இல்ல. ஓட்டையைச் சின்னதாப் போடறது. ஸ்க்ரூ போறதுக்கு முன்னாடி எலும்புல டேப் வெச்சு மரை போடுவாங்க. எலும்பு மெத்துன்னு இருந்தா ஸ்க்ரூவை விட 1 மில்லிமீட்டர் கம்மியான டேப் போடுவாங்க. சில சமயம் டேப்பே போடாம விட்டுடுவாங்க. ஸ்க்ரூ உள்ள போகும்போது சுத்தி இருக்கற எலும்பை நெருக்கி அமுக்கிட்டுப் போகும். பிடி கூடும். போட்ட ஸ்க்ரூவை வெளிய எடுத்து அதே ஓட்டையில மறுபடி போட்டா பிடி குறையும், முனை குறுகின ஸ்க்ரூவா இருந்தா இன்னும் மோசம். இதை அப்பாகிட்ட சொன்னப்ப, "இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேணுமாடா, எஸ்டேட்ல அப்ரண்டிஸ் பையன் சொல்வான்"னு சிரிச்சார்.

ரெண்டாவது, ஸ்க்ரூவைச் சரியான இடத்துல வைக்கறது. மார்புப் பகுதியில சில காம்புகள் 4, 5 மில்லிமீட்டர் அகலம்தான். கொஞ்சம் விலகினா சுவரை உடைச்சிடும். பிடியும் போச்சு, பக்கத்துல தண்டுவடமும் இருக்கு. இதுல நம்ம ஊர் ஆராய்ச்சி ஒண்ணு உலக அளவுல பேசப்பட்டுச்சு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவரோட குழுவும் முதுகு வளைஞ்ச நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான முறை. இன்னொரு குழுவுக்குக் கம்ப்யூட்டர் வழிகாட்டி, அதாவது ஸ்க்ரூ போற பாதையைத் திரையில பார்த்துக்கிட்டே போடற முறை. 2007-ல வந்த முடிவு: வழக்கமான முறையில 23 சதவீத ஸ்க்ரூ காம்புச் சுவரைத் தாண்டியிருந்துச்சு. கம்ப்யூட்டர் உதவியோட போட்டதுல 2 சதவீதம்தான். இது வளைஞ்ச முதுகுல செஞ்ச சோதனை. அதனால எல்லாருக்கும் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனா இடம் எவ்வளவு முக்கியம்னு காட்டுது.

மூணாவது, பாதையையே மாத்தறது. காம்புக்கு உள்பக்கத்துல இருந்து மேல் நோக்கி, வெளிப்பக்கமாச் சாய்ச்சுப் போட்டா ஸ்க்ரூ கெட்டியான எலும்பையே அதிகமாத் தொட்டுட்டுப் போகும். ஸ்க்ரூ சின்னதா இருந்தாலும் பிடுங்கற பலம் வழக்கமான பாதையை விட சுமார் 30 சதவீதம் கூடினதா 2009-ல ஒரு லேப் சோதனை சொல்லிச்சு. சுவர்ல செங்கல்லைத் தேடி டிரில் போடற மாதிரின்னு வெச்சுக்கங்க.

நாலாவது, சிமெண்ட். வீடு கட்டற சிமெண்ட் கிடையாது. பல்செட் செய்யற அதே அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். பசை மாதிரி உள்ள போய், சில நிமிஷத்துல இறுகிடும். சில ஸ்க்ரூவுல நடுவுல குழாயும் பக்கத்துல ஓட்டைகளும் இருக்கும். ஸ்க்ரூவைப் போட்டுட்டு அதுக்குள்ளயே 1 முதல் 3 மில்லி வரைக்கும் சிமெண்டைச் செலுத்துவாங்க. அது ஸ்பாஞ்ச் எலும்புக்குள்ள பரவி, சுவர்ல ராவல் பிளக் பண்ற வேலையைப் பண்ணும். அழுத்தத்தோட சிமெண்ட் போட்டா பிடுங்கற பலம் இருமடங்காகுதுன்னு 1986-லயே காட்டியிருக்காங்க.

எல்லாருக்கும் இதையே போட்டுடலாமேன்னு நானும் கேட்டேன். சிமெண்ட் தப்பான பக்கம் கசிஞ்சா நரம்பை அழுத்தலாம். ரத்தக்குழாய் வழியா நுரையீரல் வரைக்கும் போகலாம். பின்னால தொற்று வந்து ஸ்க்ரூவை எடுக்கணும்னா அது பெரிய பாடு. அதனால எலும்பு ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு, ஒவ்வொரு துளியையும் எக்ஸ்ரேயில பார்த்துக்கிட்டுப் போடற விஷயம் இது.

இது போக, ஸ்க்ரூ மேல எலும்போட தாதுவைப் பூசறது, உள்ள போய் விரியற ஸ்க்ரூ, கூடுதலா ஒரு எலும்பு சேர்த்துச் சுமையைப் பங்கு போடறதுன்னு வேற வழிகளும் இருக்கு. எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு: இருக்கற எலும்பை வெச்சுச் சமாளிக்கற வழிகள் இவை.

சுவரையே சரி பண்றது

அம்மாவோட டாக்டர் முதல்ல கையில எடுத்தது வேற வழி.

நம்ம வீடுகள்ல "எலும்புத் தேய்மானம்"னு ஒரே வார்த்தையில ரெண்டு நோயைச் சொல்றோம். மூட்டு, டிஸ்க் தேயறது ஒண்ணு. எலும்புக்குள்ளயே அடர்த்தி குறைஞ்சு புரையோடறது இன்னொண்ணு. அதுக்குப் பேர் ஆஸ்டியோபோரோசிஸ். இந்த ரெண்டாவது வலியே இல்லாம வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு வேகமாப் போகும். டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ்.

இதுல ஒரு பொறி இருக்கு. முதுகு தேய்ஞ்சவங்களுக்கு ஓரத்துல எலும்பு முளைச்சிருக்கும். டெக்ஸா அதையும் சேர்த்து எண்ணி, முதுகெலும்பு நல்லா இருக்கறதா காட்டிடலாம். அதனால இடுப்பு மூட்டுக் கணக்கையும் பார்ப்பாங்க. ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கேன்லயும் உருளைக்குள்ள அடர்த்தியை அளக்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணுன்னு பேர். அது 110-க்குக் கீழ இருந்தா எச்சரிக்கை மணி. இதுக்குன்னு தனியா ஸ்கேன், தனியாப் பணம் தேவையில்ல. யாராவது ஞாபகமா அளக்கணும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வைட்டமின் டி-யைச் சரி பண்ணிட்டு டெரிபாராடைட்னு ஒரு ஊசி ஆரம்பிச்சாங்க. ஆஸ்டியோபோரோசிஸ் மருந்துகள்ல பெரும்பாலானவை எலும்பு கரையறதை மெதுவாக்கும். இது புது எலும்பை உருவாக்கத் தூண்டற வகை. முதுகெலும்பு ஆபரேஷன் ஆன ஆஸ்டியோபோரோசிஸ் பெண்களை வெச்சு 2013-ல ஜப்பான்ல வந்த ஆய்வுல, இந்த ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு ஸ்க்ரூ தளர்றது மத்தவங்களை விடக் குறைவா இருந்துச்சு. விலை அதிகம், எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர் பார்த்துத்தான் தரணும். தினமும் ஒரு ஊசி. ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல ஒரு பேனா மாதிரி இருக்கும். காலையில அப்பாதான் போட்டு விடறார். முதல் வாரம் கை நடுங்குச்சு. இப்ப அளவு பார்த்து கிளிக் பண்றதுல லேத் மெஷின் பக்குவம் வந்துடுச்சு.

நமக்கு இதுல என்ன?

இதைக் கேட்கறவங்கள்ல நிறையப் பேர் 30-க்குள்ள இருப்பீங்க. அந்த வயசு வரைக்கும்தான் எலும்பு வங்கியில பெரிய டெபாசிட் போட முடியும். அப்புறம் இருக்கறதைக் காப்பாத்தற வேலைதான். எஸ்டேட் பக்கம் இருக்கற ஐ.டி. கம்பெனிகள்ல வெயிலே படாம உட்கார்ந்திருக்கற நம்ம தலைமுறை இதை யோசிக்கணும். வெயிட் தூக்கற உடற்பயிற்சி, போதுமான புரதம், ராகி மாதிரி கால்சியம் உள்ள சாப்பாடு, சிகரெட்டை விடறது. 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. சிகரெட் எலும்பு ஒட்டறதையும் கெடுக்குது.

வீட்டுல யாருக்காவது முதுகு ஆபரேஷன் பேச்சு வந்தா, டாக்டர்கிட்ட தயங்காம நாலு கேள்வி கேளுங்க. எலும்பு அடர்த்தி பார்த்தாச்சா? சி.டி.-யில எண் என்ன வருது? எலும்பு மோசமா இருந்தா ஸ்க்ரூவோட பிடியைக் கூட்ட என்ன பண்ணப் போறீங்க? காத்திருந்து மருந்து எடுத்தா பலன் இருக்குமா? நரம்பு ரொம்ப அழுத்தப்பட்டு காலை அசைக்க முடியாம போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

அம்மாவுக்கு ஆபரேஷன் அடுத்த மாசம். வலி இன்னும் இருக்கு. இப்பவும் ஓ.டி.-யில இருந்து வரும்போது மருந்துக்கடை வாசல்ல ஒரு தடவை உட்காருவாங்க. பயம் போயிடுச்சான்னு கேட்டேன். "பயம் இருக்கு. ஆனா எதுக்காகக் காத்திருந்தேன்னு இப்பத் தெரியுது"ன்னாங்க. ஸ்க்ரூ தளராதுன்னு யாரும் உத்தரவாதம் கொடுக்கல. அந்த வாய்ப்பைக் குறைக்க என்னென்ன பண்ணலாமோ அதைப் பண்ணியிருக்கோம்னு மட்டும் சொல்ல முடியும்.

இந்த எபிசோட் தகவலுக்காகத்தான். உங்க டாக்டரோட ஆலோசனைக்கு மாற்று இல்ல. முதுகு வலின்னு சொல்லிட்டு இருக்கற அம்மா, அப்பா, பெரியம்மா யாராவது இருந்தா இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். நிமிர்ந்து உட்காருங்க மக்களே.